‘ஈஸி ரைடர்’ வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் பிளேயரைத் திருப்பிப் பாருங்கள்

கொக்கெய்ன் விற்ற காசை பெட்ரோல் டாங்கிக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, இரண்டு பேர் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் மார்டி கிரா திருவிழாவுக்கு பைக்கில் கிளம்புகிறார்கள். கதை அவ்வளவுதான். டென்னிஸ் ஹாப்பர் இயக்கி, பீட்டர் ஃபோண்டா தயாரித்து, இருவருமே நடித்து 1969 ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஈஸி ரைடர்’ சுமார் நாலு லட்சம் டாலரில் எடுத்து முடித்த படம். பல பத்தாண்டுகளாக இதை விஎச்எஸ், டிவிடி, ப்ளூ-ரே என்று வடிவம் மாற்றி மாற்றி விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். ‘எதை வாங்கலாம்?’ என்று கேட்பவர்களுக்கு ‘புதுசா எது இருக்கோ அது’ என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். இந்தப் படத்துக்கு அந்தப் பதில் சரிப்படாது.

காரணம், படம் எடுக்கப்பட்ட விதம். பைக் பயணக் காட்சிகள் பாட்டோடு ஓடுகின்றன. காட்சிக்குக் காட்சி மாறும் இடங்களில் சில ஃபிரேம்கள் மட்டும் மின்னி மறைகின்றன. கல்லறைக் காட்சி 16 மிமீ ஃபிலிமில் எடுத்தது. இந்த மூன்றும்தான் வீட்டுத் திரையில் கெட்டுப்போகும் இடங்கள். ஒரு பதிப்பு நல்லதா என்று பார்க்க இந்த மூன்றை மட்டும் பார்த்தால் போதும், அட்டையில் உள்ள வாசகம் எதுவும் வேண்டாம்.

முதலில் ஒரு வதந்தியை ஒதுக்கிவிடலாம். ஹாப்பர் முதலில் தொகுத்தது நாலு மணி நேரத்தைத் தாண்டியது என்பது உண்மை. அந்த நீளப் பதிப்பு எந்த டிஸ்க்கிலும் இல்லை. கடையில் கிடைக்கும் எல்லாமே அதே 95 நிமிடப் படம்தான். ‘முழுப் பதிப்பு’, ‘வெட்டப்படாத பதிப்பு’ என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள். ‘ஈஸி ரைடர்: த ரைட் பேக்’ என்ற பெயரில் 2012-இல் வந்த ஒரு படமும் டிவிடியாகக் கிடைக்கிறது. ஹாப்பருக்கோ ஃபோண்டாவுக்கோ அதில் பங்கில்லை. அவசரத்தில் தேடுபவர்கள் அதை வாங்கிவிட்டு முழிப்பதுண்டு.

பிளேயரின் பின்பக்கம்

எந்தப் பதிப்பு நல்லது என்பதைவிட, எந்தப் பதிப்பு உங்கள் வீட்டில் ஓடும் என்பதுதான் முதல் கேள்வி. ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடா ஆகியவை ஏ. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. டிவிடிக்குக் கணக்கு வேறு: நமக்கு 5, சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் 3, அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் 1, ஐரோப்பாவுக்கு 2, ஆஸ்திரேலியாவுக்கு 4. பிளேயரின் பின்புற ஸ்டிக்கரில் இந்த எண்ணும் எழுத்தும் இருக்கும்.

சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இருப்பவர் ஏ பகுதிக்குப் பூட்டிய அமெரிக்க ப்ளூ-ரேயை வாங்கி அப்படியே போட்டுப் பார்க்கலாம். சென்னையில் வாங்கிய பிளேயரில் அதே டிஸ்க்கைப் போட்டால் ‘இந்த டிஸ்க் உங்கள் பகுதிக்கானது அல்ல’ என்ற அறிவிப்போடு கதை முடிந்துவிடும். டிவிடி பிளேயர் என்றால் பல மாடல்களில் ரிமோட்டில் நாலைந்து எண்ணைத் தட்டியே பூட்டைத் திறந்துவிடலாம். ப்ளூ-ரேக்கு அது பெரும்பாலும் நடக்காது. உள்ளே பலகையையே மாற்றிய பிளேயர்தான் வேண்டும். கேம் கன்சோலில் பார்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் எந்த ஊரில் விற்பனைக்கு வந்ததோ அந்த ஊர்ப் பகுதிதான் அதற்கு; துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ யாராவது கொண்டுவந்து கொடுத்த கன்சோல் என்றால் நம் ஊர்க் கன்சோலின் கணக்கு அதற்குப் பொருந்தாது. கம்ப்யூட்டர் டிரைவில் டிவிடிப் பகுதியை ஐந்து தடவைதான் மாற்ற முடியும், ஐந்தாவதில் அது நிலைத்துவிடும். விஎல்சி மென்பொருள் டிவிடியை ஓட்டும் சுலபத்தில் ப்ளூ-ரேயை ஓட்டாது. காப்புப் பூட்டு குறுக்கே நிற்கும்.

4கே டிஸ்க்குகளுக்கு மட்டும் இந்தப் பகுதித் தொல்லை கிடையாது. ஆனால் பிளேஸ்டேஷன் 4 ப்ரோ கூட 4கே டிஸ்க்கை வாசிக்காது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், சீரிஸ் எக்ஸ் ஆகியவை வாசிக்கும்.

இரண்டு ப்ளூ-ரேக்கள்

நிஜப் போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். சோனி 2009-இல், 40-ஆம் ஆண்டையொட்டி, புத்தக வடிவ அட்டையில் ஒரு ப்ளூ-ரே போட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில், பழைய படங்களை மெருகேற்றி டிஸ்க்காக விற்கும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன், பிபிஎஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தின் ஏழு படங்களை ஒரே பெட்டியில் போட்டபோது ‘ஈஸி ரைடர்’ அதற்குள் வந்தது. 2016-இல் அதையே தனி டிஸ்க்காகவும் விற்க ஆரம்பித்தார்கள்.

படத்தைப் பொறுத்தவரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டுமே படத்தை வெளியிட்ட கொலம்பியா ஸ்டுடியோவின் காப்பகத்திலிருந்து கிளம்பியவை, இடையில் ஒரே ஒரு வருடம். படத்தில் வரும் மானுமென்ட் வேலிப் பாறை நிலத்தின் அந்திச் சிவப்பு இரண்டிலும் நன்றாக இருக்கிறது. ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பவர், படத் தெளிவுக்காக மட்டும் இன்னொன்றை வாங்குவது காசைக் கரைப்பதுதான்.

ஒலியில் விஷயம் வேறு. 1969-இல் திரையரங்குகளில் இந்தப் படம் மோனோவில்தான், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில், ஓடியது. சோனி ப்ளூ-ரேயின் ஆங்கில ஒலி, பல ஸ்பீக்கர்களில் பரவும்படி பிற்காலத்தில் செய்த 5.1 கலவை. கிரைட்டீரியனில் 5.1-உம் உண்டு, மூல மோனோவும் உண்டு. பாட்டு விரிந்து கேட்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு 5.1 பிடிக்கும். படத்தில் பாடும் ஸ்டெப்பன்வுல்ஃப் ராக் குழுவும் ஜிமி ஹென்றிக்ஸும் அறையின் இரண்டு பக்கமும் பரவி நிற்பார்கள். ஆனால் அந்தக் கலவையில் பாட்டு மட்டும் புதுத் துணி உடுத்தியது போல் இருக்க, வசனம் நடு ஸ்பீக்கரில் பழைய சட்டையோடு ஒடுங்கிக் கிடக்கும். மோனோவில் பைக் உறுமலும் பாட்டும் வசனமும் ஒரே இடத்திலிருந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருகின்றன. அந்த இடிபாட்டோடுதான் அன்றைக்கு இதைக் கேட்டார்கள். முதல் தடவை பார்ப்பவர் மோனோவில் பார்க்கட்டும், 5.1 இரண்டாம் சுற்றுக்கு.

மோனோவை ஓடவிட்டதும் சத்தம் மெலிந்து, குடத்துக்குள் பேசுவது போல் கேட்டால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றின் கம்பி சிவப்பு-கறுப்பு மாறிப் போயிருக்கும். ஸ்டீரியோப் பாட்டில் இந்தத் தவறு அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிடும். ரிசீவர் வைத்திருப்பவர்கள் ‘ஸ்டேடியம்’, ‘ஹால்’ மாதிரியான செயற்கை எதிரொலிகளையும் அணைத்துவிட வேண்டும்.

கூடுதல் சரக்கிலும் கிரைட்டீரியன்தான் முன்னால். ஹாப்பர் தனியாகப் பேசும் 2009 உரை, ஹாப்பர், ஃபோண்டா, தயாரிப்பு மேலாளர் பால் லூயிஸ் மூவரும் வரும் 1995 உரை என இரண்டு விளக்கவுரைகள். 1995, 1999 ஆண்டுகளில் எடுத்த இரண்டு ஆவணப் படங்கள். கான் திரைப்பட விழாவில் ஹாப்பரும் ஃபோண்டாவும் தோன்றும் பழைய தொலைக்காட்சித் துணுக்குகள். ஹாப்பர் 2010-இலும் ஃபோண்டா 2019-இலும் போய்விட்டார்கள். திரைக்கதை யார் எழுதியது என்பதில் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆகவே ஒருவர் மட்டும் பேசுவதைக் கேட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நேரம் குறைவு என்றால் 1995 உரை போதும்.

ஒரு குறை: கிரைட்டீரியனின் அமெரிக்க டிஸ்க் ஏ பகுதிக்குப் பூட்டியது. சோனி தன் பழைய படங்களைப் பெரும்பாலும் எந்த ஊரிலும் ஓடும்படி விடும் நிறுவனம். பின்னட்டையில் ஏ, பி, சி மூன்றும் போட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சி பகுதி பிளேயர் மட்டும் வைத்திருக்கும் மதுரைக்காரருக்கோ யாழ்ப்பாணத்தாருக்கோ சோனிதான் வழி. மோனோ போய்விடும், அவ்வளவுதான். 5.1 தடத்திலேயே நடு ஸ்பீக்கரை இரண்டு டெசிபல் ஏற்றி வைத்தால் வசனம் பிடிபடும்.

சோனியின் புத்தக அட்டை பார்க்க அழகாக இருக்கும். கடலோர ஊர்களில் அதற்கு ஆயுள் குறைவு. பக்கங்கள் ஈரத்தில் நெளியும், ஒட்டிய முதுகு விடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய டப்பாவில் வையுங்கள், அல்லது டிஸ்க்கைத் தனி உறையில் எடுத்துவிடுங்கள்.

பெட்டியா, தனி டிஸ்க்கா

பெட்டியில் ‘ஈஸி ரைடர்’ தவிர ‘ஹெட்’ (1968), ‘ஃபைவ் ஈஸி பீசஸ்’ (1970), ‘டிரைவ், ஹி செட்’, ‘எ சேஃப் பிளேஸ்’, ‘த லாஸ்ட் பிக்சர் ஷோ’ (மூன்றும் 1971), ‘த கிங் ஆஃப் மார்வின் கார்டன்ஸ்’ (1972) ஆகியவை. இவற்றில் மூன்றையாவது தனியாக வாங்கும் எண்ணம் இருந்தால் பெட்டி லாபம். ஒன்றுதான் வேண்டும் என்றால் தனி டிஸ்க். ‘எல்எஸ்டி காலப் படம்’ என்ற ஆர்வத்தில் வருபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அந்த வகையில் ‘ஈஸி ரைடரை’விடத் தலைசுற்ற வைப்பது ‘ஹெட்’. ‘மங்கீஸ்’ இசைக்குழுவை வைத்து பாப் ராஃபெல்சன் இயக்கியது, எழுத்தில் ஜாக் நிக்கல்சனுக்கும் பங்கு. அதற்காகவே பெட்டியை வாங்குபவர்கள் உண்டு.

அமெரிக்காவில் உள்ள உறவினர் மூலம் தருவிப்பவர்கள் ஜூலை, நவம்பர் மாதங்கள்வரை பொறுக்கலாம். பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடை கிரைட்டீரியன் டிஸ்க்குகளைப் பாதி விலைக்கு விற்பது வழக்கமாக அப்போதுதான். நேராக இந்தியாவுக்குத் தபாலில் வரவழைத்தால் சுங்கமும் அனுப்புக் கட்டணமும் சேர்ந்து அந்தத் தள்ளுபடியை விழுங்கிவிடும்.

டிவிடியில் என்ன கெடுகிறது

டிவிடியை ‘கொஞ்சம் மங்கல், பரவாயில்லை’ என்று எடுத்துக்கொள்வது பல படங்களுக்குச் சரி. இந்தப் படத்தில் மங்கல் சின்ன விஷயம். பெரிய விஷயம் ஃபிரேம் கணக்கு.

ஹாப்பரும் தொகுப்பாளர் டான் கேம்பர்னும் காட்சி மாற்றங்களில் கரைப்போ மங்கலோ வைக்காமல் ஒரு வித்தை செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காட்சியின் முடிவில் அடுத்த காட்சி ஒரு நொடியின் சிறு துண்டு நேரம் மின்னும். மறுபடி பழையது. மறுபடி புதியது. இப்படி இரண்டு மூன்று தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டுத்தான் படம் அடுத்த இடத்துக்குப் போகும். அடுத்த ஊருக்குப் போகும் முன்பே மனசு அங்கே போய்த் திரும்புவது போன்ற ஒரு தடுமாற்றம் அது.

ஃபிலிம் நொடிக்கு 24 ஃபிரேம். அமெரிக்க முறை டிவிடி அதை நொடிக்கு 30 ஆக்கிக் காட்ட, நாலு ஃபிரேமை ஐந்தாக இழுக்கிறது. அந்த ஐந்தில் இரண்டு, அக்கம்பக்கத்து ஃபிரேம்களின் கோடுகளைப் பாதிப் பாதியாகக் கலந்தவை. நீளமான ஷாட்டில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஒவ்வொரு மின்னலும் சில ஃபிரேம்களே உள்ள இடத்தில், பாலைவனமும் தீமூட்டமும் ஒரே படத்தில் சீப்புப் பல் போலக் கோர்த்துக்கொள்ளும். நல்ல பிளேயர் அந்த ஐந்தை மறுபடி நாலாக்கிக் கொடுத்துவிடும். மலிவுப் பிளேயர் வேகமான வெட்டு வந்ததும் தடுமாறி, அரை நொடி கோடு கோடாகக் காட்டிவிட்டு அப்புறம் சுதாரிக்கும். ப்ளூ-ரே 24-ஐ 24-ஆகவே வைத்திருக்கிறது, இந்த வம்பே இல்லை.

ஐரோப்பிய முறையான ‘பால்’ (PAL) டிவிடியில் கோடு வராது, வேறொன்று வரும். 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டுவதால் படம் நாலு சதவீதம் வேகமாக ஓடி, 95 நிமிடப் படம் 91, 92 நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னட்டையில் அந்த எண்ணைப் பார்த்து ‘வெட்டிவிட்டார்கள்’ என்று பதறுபவர்கள் உண்டு. எதையும் வெட்டவில்லை, வேகம்தான். ஆனால் சுருதி ஏறிவிடும், அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக. ‘த பேண்ட்’ குழுவின் பாட்டை இசைத்தட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு இது உறுத்தும். பாடகர் யாரோ துரத்துவது போல் பாடுவார். வசனப் படத்தில் மன்னிக்கலாம், பாட்டில் நடக்கும் படத்தில் இது பெரிய குறை.

ஆக, டிவிடிதான் வாங்க முடியும் என்றால் அமெரிக்க முறை டிவிடியை வாங்குங்கள். 1999-இன் சிறப்புப் பதிப்பே போதும். ஹாப்பர் விளக்கவுரையும் ‘ஷேக்கிங் த கேஜ்’ ஆவணப் படமும் அதிலேயே இருக்கின்றன. 2004-இன் 35-ஆம் ஆண்டுப் பெட்டியில் பாட்டு சிடியும், லீ ஹில் எழுதிய சிறு புத்தகமும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகம் நல்ல புத்தகம். பழைய விலைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

பாட்டு ஆல்பத்தைத் தனியாக வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படத்தில் ஒலிக்கும் ‘த வெயிட்’ த பேண்ட் குழு பாடியது. 1969 ஆல்பத்தில் உரிமைச் சிக்கலால் அதை ‘ஸ்மித்’ என்ற குழுவைப் பாட வைத்துச் சேர்த்தார்கள். வாங்கிவிட்டு ‘இது போலி’ என்று திருப்பி அனுப்ப வேண்டாம், அசலே அப்படித்தான்.

விஎச்எஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சதுரத் திரைக்காக மாற்றிய படத்தில் சாலையின் அகலம் போய்விடும். நம் ஊர் ஈரப்பதத்தில் டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தால் பிளேயரில் போடவே போடாதீர்கள்; டேப்பை வாசிக்கும் முனையையும் கெடுத்து, அடுத்துப் போடும் டேப்புக்கும் பரப்பிவிடும். அலமாரியில் அழகாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரீமிங்

படம் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள ஸ்ட்ரீமிங் நல்ல வழி, வைத்துக்கொள்ள அல்ல. ப்ளூ-ரே நொடிக்கு 40 மெகாபிட்வரை படத்துக்கு ஒதுக்க முடியும்; எச்டி ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் அதில் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே. வெயில் சாலையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கல்லறைக் காட்சி வந்ததும் சாயம் வெளுக்கும்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் லூயிஸ் ஒன்றாம் எண் கல்லறையில் நாலு பேரும் எல்எஸ்டி எடுத்துக்கொண்டு பிரார்த்தனை, அழுகை, கூச்சல் என்று சிதறுகிறார்கள். 1968 மார்டி கிராவின்போது, முழுப் படப்பிடிப்புக் குழு சேர்வதற்கு முன்பே, 16 மிமீ கேமராவில் எடுத்தது. 16 மிமீ ஃபிரேமின் பரப்பு 35 மிமீ ஃபிரேமில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அதைப் பெரிதாக்கி 35 மிமீக்கு மாற்றும்போது ஃபிலிம் துகளும் கூடவே பெரிதாகும். சூரியன் நேராக லென்ஸில் விழும் ஷாட்களில் அந்தத் துகள் கொதிக்கும் எண்ணெய் போல நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு புள்ளியும் மாறுவதால் வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்கு இது பெரிய சோதனை. பிட் போதாதபோது அது துகளை வழித்து மெழுகாக்கும், அல்லது சின்னச் சின்னச் சதுரங்களாக உடைக்கும். காட்சியின் போதை துகளில்தான் இருக்கிறது. அதை வழித்துவிட்டால் யாரோ நாலு பேர் சமாதிக்கு நடுவே கத்துவது மட்டும் மிஞ்சும்.

இந்தியாவில் பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து ஓடிடி தளங்களும் புகையிலை எச்சரிக்கை வாசகத்தைத் திரையின் அடியில் காட்ட வேண்டும் என்பது விதி. ‘ஈஸி ரைடரில்’ யாராவது புகைக்காத காட்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விதி புகையிலைக்கு மட்டும், தீமூட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் இழுப்பதில் பாதி அதில் சேராது என்பது தனி வேடிக்கை. தவிர, படம் முடிந்து ரோஜர் மெக்குவின் பாட ஆரம்பித்ததும் பல செயலிகள் திரையை மூலைக்குச் சுருக்கி அடுத்த படத்தை நீட்டும். முன்கூட்டியே அமைப்புகளில் ‘அடுத்ததைத் தானாக ஓட்டு’ என்பதை அணைத்து வையுங்கள். அந்த முடிவுக்குப் பிறகு இரண்டு நிமிட மௌனம் வேண்டும்.

4கே என்று போட்டிருந்தால்

2019-இல் 50-ஆம் ஆண்டுக்காக சோனியும் இத்தாலியின் திரைப்படக் காப்பகமான போலோன்யா சினிடெகாவும் சேர்ந்து படத்தை 4கே-இல் மீட்டெடுத்தார்கள். கான் விழாவின் பழைய படங்கள் பிரிவில் அதைத் திரையிட்டார்கள். மூல 35 மிமீ நெகட்டிவ் மட்டுமல்லாமல், கறுப்பு-வெள்ளைப் பிரிப்பு மாஸ்டர்களையும் பயன்படுத்தினார்கள் என்பது இதில் முக்கியம். வண்ண நெகட்டிவில் உள்ள சாயம் காலப்போக்கில் வெளுக்கும். பிரிப்பு மாஸ்டர் என்பது சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளைத் தனித்தனியாக மூன்று கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் எடுத்து வைப்பது. அவற்றில் இருப்பது வெள்ளி, வெளுக்காது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று துல்லியமாகப் பொருத்தினால் 1969-இன் நிறம் திரும்பி வரும். பொருத்தம் மயிரிழை தவறினாலும் விளிம்புகளில் வண்ணக் கசிவு தெரியும். அந்தக் காலத்தில் கையால் பட்ட பாட்டை இன்று மென்பொருள் செய்கிறது.

ஆகவே 4கே என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்காமல், விவரத்தில் ‘2019 மீட்டெடுப்பு’ என்று இருக்கிறதா பாருங்கள். பழைய எச்டி மாஸ்டரை இழுத்துப் பெரிதாக்கிய கோப்புக்கும் 4கே என்றுதான் பெயர் வைப்பார்கள். 55 அங்குலத்துக்குக் கீழே உள்ள டிவியில், எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டுக்கும் ப்ளூ-ரேக்கும் உள்ள வித்தியாசம் செலவுக்கு ஈடாகாது. 16 மிமீ பகுதிக்கோ 4கே எதையும் கூட்டாது, துகளை இன்னும் நேர்த்தியாகக் காட்டும், அவ்வளவுதான்.

டிஸ்க்கின் மேல் பழி போடும் முன்

எந்தப் பதிப்பாக இருந்தாலும் டிவியின் அமைப்பு தவறென்றால் எல்லாம் வீண். முதலில் அசைவை மிருதுவாக்கும் வசதியை அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. இரண்டு ஃபிரேமுக்கு நடுவே தானாக ஒரு ஃபிரேமை உருவாக்கிச் செருகுவது இதன் வேலை. மேலே சொன்ன மின்னல் வெட்டுகளில், சாலைக்கும் தேவாலயத்துக்கும் நடுவே இல்லாத ஒரு பேய்ப் படத்தை அது வரைந்துவிடும்.

பிளேயரில் 24பி (நொடிக்கு 24 ஃபிரேம்) வெளியீட்டைத் திறந்துவிடுங்கள். படப் பயன்முறை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர். கூர்மை பூஜ்யம் அல்லது அதை ஒட்டி. 1.85 அகலப் படம் என்பதால் மேலும் கீழும் விரற்கடை கூட இல்லாத கறுப்புக் கோடு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் டிவி ஓரங்களை வெட்டுகிறது. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ போடுங்கள்.

சோதனைக்குத் தீமூட்டக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் கிரகத்து மனிதர்களைப் பற்றி, இந்தப் படத்திலும் நடித்திருக்கும் ஜாக் நிக்கல்சன் விளக்கும் இடம் நல்லது. முகத்தின் நெருப்புப் பக்கம் தெரிந்து, மறுபக்கம் கரியாக அப்பிக் கிடந்தால், பிளேயர் முழு வீச்சிலும் டிவி குறுகிய வீச்சிலும் எச்டிஎம்ஐ கறுப்பு அளவை வைத்திருக்கின்றன என்று பொருள். இரண்டையும் ‘ஆட்டோ’வில் வைத்தால் தொப்பியின் விளிம்பு இருட்டிலிருந்து பிரிந்து வரும்.

சில விஷயங்கள் குறை போலத் தெரியும், குறை அல்ல. விமான நிலைய ஓரத்தில் சரக்கு கைமாறும்போது தலைக்கு மேல் விமானம் இரைவதில் பேச்சு காதில் விழாது. எந்தப் பதிப்பிலும் விழாது, சத்தத்தைக் கூட்டி அக்கம்பக்கத்தாரை எழுப்ப வேண்டாம். பைக் ஓடும் ஷாட்களில் குறுக்கே விழும் வண்ண வட்டங்கள் ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸ் வேண்டுமென்றே விட்டுவைத்த லென்ஸ் ஒளி. அன்றைய ஸ்டுடியோ ஒளிப்பதிவாளர்கள் அதைத் தவறென்று வெட்டி எறிந்திருப்பார்கள். கல்லறையில் படம் திடீரென வெளுப்பதும் எடுத்தபோதே நேர்ந்தது.

இன்னொன்று, முடிவு தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். விபசார விடுதிக் காட்சியில், சுவரைப் பார்த்தபடி நிற்கும் ஃபோண்டாவின் முகத்துக்கு நடுவே, மேலிருந்து பார்த்த சாலையோர நெருப்பு ஒன்று கண் இமைக்கும் நேரம் வந்து போகும். ப்ளூ-ரேயில் அதை நிறுத்தி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் என்னவென்று சுத்தமாகத் தெரியும். மோசமான டிவிடியிலும் பிட் பஞ்ச ஸ்ட்ரீமிங்கிலும் அது டிஸ்க் கீறல் போல, ஒரு செம்மஞ்சள் தப்பாகக் கடந்துவிடும். வாங்கிய பதிப்பு நல்லதா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான சோதனை கிடையாது.

பழைய கடைகளிலோ ஆன்லைனிலோ வாங்கினால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அச்சடித்த டிவிடி வெள்ளியாக மின்னும், வீட்டில் எரித்தது ஊதா அடிக்கும். ப்ளூ-ரே என்றால் நடு ஓட்டையைச் சுற்றிய வளையத்தில் பார்கோடும் ‘ஐஎஃப்பிஐ’ என்று தொடங்கும் பொடி எழுத்தும் இருக்க வேண்டும். துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

ஏ பகுதி பிளேயர் இருப்பவருக்கு 2016 கிரைட்டீரியன் தனி டிஸ்க், மோனோ தடத்தில். சி மட்டும் என்றால் மூன்று எழுத்தும் போட்ட சோனி ப்ளூ-ரே. கையில் அமெரிக்க முறை டிவிடி ஏற்கெனவே இருந்து, நல்ல பிளேயரும் இருந்தால், மேலே சொன்ன விடுதிக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நெருப்பு நெருப்பாகவே தெரிந்தால் பணத்தை ‘ஹெட்’டுக்கு வைத்துக்கொள்ளலாம்.